அரைச் சாண் கீழே

செல்மர் லெவாங் நல்ல மனுஷர், நன்றாகச் சீஸ் காய்ச்சுவார். துப்பாக்கி வாங்க மட்டும் தெரியாது. விஸ்கான்சின் குன்றுகளுக்கு நடுவே அவர் நடத்திய சீஸ் ஆலையில் எலித்தொல்லை தாங்காமல், ஊர் ஊராகச் சுற்றும் ஒரு வியாபாரியிடம் பழைய ரிவால்வர் ஒன்றை வாங்கிவந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னச் சாமான். வாங்கும்போதே அதற்கு அவரைவிட வயது அதிகம். ஐந்து தோட்டா போடலாம். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. சுட்டால் மட்டும், குறி வைத்த இடத்துக்கு அரைச் சாண் கீழே போய் அடிக்கும்.

வேறு ஆளாக இருந்தால் அந்த வியாபாரியைத் தேடிப்போய்ச் சட்டையைப் பிடித்திருப்பார். செல்மர் எலிக்கு அரைச் சாண் மேலே குறி வைக்கப் பழகிக்கொண்டார். தான் பழகியதோடு நிற்காமல் மகள் ஆர்வில்லாவுக்கும் மகன் ஓர்லனுக்கும் அதையே பழக்கிவிட்டார். அது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறிப்போய், வேறு எந்தத் துப்பாக்கியை எடுத்தாலும் அரைச் சாண் மேலேயே சுட்டார்கள். ஓர்லன் முதன்முதலில் மான் வேட்டைக்குப் போன வருஷம், வழியில் வந்த மானுக்கெல்லாம் முதுகுக்கு மேலே காற்று வீசிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினான்.

செல்மர் போய்ச் சேர்ந்தபோது நிலமும் ஆலையும் பிள்ளைகளுக்குச் சரிபாதியாகப் போயின. துப்பாக்கியைப் பாதியாக அறுக்க முடியாது. அதனால் கிழவர் உயிரோடு இருக்கும்போதே ஒரு ஏற்பாடு சொல்லிவிட்டுப் போனார். ஜூலை மாதம் குடும்பம் கூடும் ஞாயிற்றுக்கிழமையில் எல்லாரும் அதே துப்பாக்கியால் பீன்ஸ் டப்பாவைச் சுட வேண்டும். அதிகம் அடிப்பவர் வீட்டில் அடுத்த ஜூலைவரை துப்பாக்கி இருக்கும். பிள்ளைகள் இருவரில் தோற்றவர் அடுத்த வருஷம் எல்லாருக்கும் தோட்டா கொண்டுவர வேண்டும். துப்பாக்கி ஒரு வீட்டிலும் தோட்டா ஒரு வீட்டிலும் இருந்தால் யாரும் திருட்டுத்தனம் பண்ண முடியாது என்பது கிழவரின் கணக்கு. தன் பிள்ளைகளை அவர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்றும் சொல்லியிருந்தார். தொடர்ந்து மூன்று வருஷம் ஜெயிப்பவருக்குத் துப்பாக்கி நிரந்தரமாகச் சொந்தம். ஓர்லன் இரண்டு வருஷம் தொடர்ந்து ஜெயித்திருந்தான்.

ஈஸ்டர் விருந்தில், பன்றித் தொடையை அறுத்துக்கொண்டே அவன்தான் வாயைக் கொடுத்தான்.

"இந்த ஜூலையோட அது எனக்கு. மொத வேலையா அந்த முன்குறியை அராவிவிடப் போறேன். நாலு இழுப்பு இழுத்தா நேராச் சுடும். அப்புறம் பளபளன்னு நிக்கல் பூசி வெச்சுக்கப் போறேன்."

ஆர்வில்லா கையிலிருந்த உருளைக்கிழங்குக் கரண்டி அப்படியே நின்றது. குழலின் நுனியில் அரைநிலா மாதிரி ஒரு மெல்லிய தகடு நிற்கும். அதுதான் முன்குறி. அதைத் தாழ்த்தினால் துப்பாக்கி மேலே சுடும், உண்மைதான். ஆனால் அராவிய இரும்பு திரும்பி வராது. அப்பா அந்தத் தகட்டின் வழியாகத்தான் வாழ்நாள் முழுக்க உலகத்தைப் பார்த்தார் என்று அவளுக்கு எண்ணம். கொஞ்சம் கூடுதலான எண்ணம்தான். இருந்தாலும் அவளுடையது.

"அரத்தைக் கொண்டு அதுகிட்டப் போன, உன் விரலை அராவிடுவேன்."

"மொதல்ல ஜெயிச்சுக் காட்டு ஆர்வி. போன வருஷம் ஒரே ஒண்ணுதான் அடிச்சே. அதுவும் காத்து தள்ளிவிட்டது."

அவன் மனைவி லோர்னா குழம்புக் கிண்ணத்தை இருவருக்கும் நடுவே கொண்டுவந்து வைத்தாள். அந்த வீட்டில் அதற்குப் பெயர் சமாதானம்.

ஓர்லன் ஜெயித்தால் முன்குறி போய்விடும். அவன் ஜெயிக்கக் கூடாது. ஆர்வில்லாவுக்கு அந்த வசந்தம் முழுக்க இதைத் தவிர வேறு நினைப்பில்லை.

அவள் தானே தோட்டா செய்கிறவள். வண்டிக் கொட்டகையில் அவளுக்கென்று ஒரு மேஜை, ஈயம் உருக்கும் சட்டி, அச்சு, பித்தளைக் கூட்டுக்குள் குண்டை அமுக்கும் சின்ன அழுத்துப்பொறி எல்லாம் உண்டு. பழைய துப்பாக்கிக்குக் கடையில் தோட்டா கிடைப்பது குதிரைக்கொம்பு. கிடைத்தாலும் அவள் வாங்கமாட்டாள். கடைத் தோட்டாவும், கடையில் விற்கும் ஆப்பிள் பை பலகாரமும் வாய்க்கு விளங்காது என்பாள்.

மே மாதத்தில் ஒரு நாள், சட்டிக்கு முன்னால் நின்று ஈயத்தின் மேலே படியும் கசடை வழித்துக்கொண்டிருந்தபோது அவளுக்குப் பொறி தட்டியது. சுட்டவுடன் எந்தக் கைத்துப்பாக்கியும் மூக்கைத் தூக்கும். குண்டு கனமாக இருந்தால் குழலை விட்டுச் சாவகாசமாக வெளியேறும். அது வெளியேறுவதற்குள் மூக்கு இன்னும் கொஞ்சம் தூக்கியிருக்கும். ஆகவே கனமான குண்டு மேலே போய் அடிக்கும். இரும்பில் கை வைக்கவே வேண்டாம். தோட்டா கொண்டுவரும் முறையும் இந்த வருஷம் அவளுடையது. எல்லாரும் வழக்கம்போல அரைச் சாண் மேலே குறி வைத்து டப்பாவுக்கு மேலே சுட்டுத் தள்ளுவார்கள். அவள் ஒருத்தி மட்டும் டப்பாவையே பார்த்துச் சுடுவாள்.

திருட்டுத்தனம்தானே என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. குண்டின் கனத்தைப் பற்றி அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே என்று அந்தக் குரலை அடக்கினாள்.

புது அச்சு தபாலில் வந்தது. மூக்கு மொட்டையான, நீளம் கூடிய குண்டு. வழக்கமானதைவிட ஆறில் ஒரு பங்கு கனம் அதிகம். ஜன்னலைத் திறந்துவைத்து, மின்விசிறியைப் போட்டுவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அச்சு சூடேறாததால் முதல் குண்டுகள் கிழவன் முகம்போலச் சுருக்கம் விழுந்து வந்தன. அவற்றைத் திரும்பச் சட்டியில் போட்டாள். பிறகு பளிச்சென்று வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றையும் மடித்துப் போட்ட துண்டின்மேல் தட்டிவிட்டாள்.

அவள் கணவன் மைலோ வாசலில் வந்து நின்றான். செக் நாட்டுப் பொஹீமிய வம்சம், ரொட்டிக் கடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். துப்பாக்கி என்றால் ஒரு அடி தள்ளி நிற்பான்.

"அம்மணி, அது என் குளியல் துண்டு."

"இனிமே இல்ல."

"அதால நான் முகம் தொடைப்பேன்."

"ஈயத்துல பட்டதால முகம் தொடைக்கக் கூடாது. வேற எடுத்துக்கோ."

மைலோ துண்டுக்கு மனசார விடை கொடுத்துவிட்டு, ஒரு குண்டை எட்டிப் பார்த்தான்.

"மொட்டையா இருக்கே. பழசு கூர்மையா இருக்கும்ல?"

"உனக்கென்ன தெரியும்? முப்பது வருஷமா டப்பாவுக்கு ஒரு சாண் கீழதான சுடுறே."

அது உண்மை. மைலோவுக்கு மேலே குறி வைக்கும் வித்தை பிடிபடவே இல்லை. டப்பாவை அடிக்கணும்னா டப்பாவைத்தான பாக்கணும் என்பான். அதனால் துப்பாக்கியின் குறையால் அரைச் சாண் கீழே போகும். சத்தத்துக்குப் பயந்து, விசையை இழுக்கும்போதே கையைக் கீழே அமுக்கிவிடுவான். அதனால் இன்னொரு அரைச் சாண் கீழே போகும். டப்பா வைக்கும் கம்பத்தின் அடிப்பகுதியில் இருக்கும் ஓட்டைகள் எல்லாம் அவன் உபயம்.

துப்பாக்கி ஓர்லன் வீட்டில் இருந்ததே, பிறகு எப்படிச் சோதித்துப் பார்ப்பது? பக்கத்துப் பண்ணையில் எம்மெட் ரஸ்க் என்று ஒரு கிழவர் இருந்தார். அவரிடம் அச்சாக அதே துப்பாக்கி, அதே குறையோடு இருந்தது. தொழிற்சாலையில் ஒரே தொட்டிலில் தூங்கியவை போலும். ஆர்வில்லா ஒரு ஆப்பிள் பை செய்து எடுத்துக்கொண்டு போய், அவருடைய களத்துமேட்டில் சுட்டுப் பார்த்தாள். பழைய துப்பாக்கி என்பதால் வெடிமருந்தை அடக்கமாகத்தான் வைத்திருந்தாள். டப்பாவைப் பார்த்துச் சுட்டாள். டப்பா விழுந்தது. மறுபடி வைத்தாள், மறுபடி விழுந்தது. அறுபது வயசுப் பெண்மணி ஒருத்தி சோளக்காட்டு ஓரத்தில் தனியாகக் குதித்து ஆடியதை எம்மெட் ரஸ்க் பையைத் தின்றுகொண்டே பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. காதும் அவருக்கு அவ்வளவாகக் கேட்காது.

ஜூலை ஞாயிறு வந்தது. ஓர்லன் வீட்டுக் களஞ்சியத்துக்குப் பின்னால் மேஜைகள் போட்டார்கள். சாசேஜ் வெந்தது. லோர்னா கேரட் துருவல் போட்ட பச்சை ஜெல்லியை எடுத்துவந்தாள். அதை வருஷாவருஷம் எல்லாரும் பாராட்டிவிட்டு நாய்க்குப் போட்டார்கள். சாப்பாடு முடிந்ததும் காலி பீன்ஸ் டப்பா ஒன்றைக் கம்பத்தின் நடுவே அடித்த பலகையில் வைத்தார்கள். பின்னால் களிமண் மேடு. டப்பாவுக்கு அரைச் சாண் மேலே கம்பத்தில் ஒரு துருப்பிடித்த ஆணி. செல்மர் கையால் அடித்தது. லெவாங் ரத்தம் ஓடுகிற எவரும் அந்த ஆணியைத்தான் பார்த்துச் சுடுவார்கள்.

துப்பாக்கியை வைத்திருப்பவன் முதலில் சுடுவது வழக்கம். ஓர்லன் தோட்டாவை எடுத்துப் பார்த்தான்.

"மூக்கு ஏன் மொட்டையா இருக்கு?"

"பழைய அச்சு உடைஞ்சுபோச்சு. என்ன, பயமா?"

"எனக்கென்ன பயம். சுடப்போறது நான்."

நின்றான், நிதானித்தான், சுட்டான். டப்பா அசையவில்லை. ஆணிக்குப் பக்கத்தில் கம்பத்திலிருந்து மரத்தூள் பறந்தது. ஐந்தும் அப்படியே. ஆணியைச் சுற்றி ஐந்து ஓட்டை, டப்பா சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ஆர்வில்லாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. போட்ட கணக்கு அப்படியே பலித்தது. வழக்கம்போல ஆணியைப் பார்த்திருக்கிறான், குண்டு ஆணியிலேயே போய் அடித்திருக்கிறது.

"காத்து தள்ளிவிட்டிருக்கும்டா," என்றாள் கரிசனமாக.

ஓர்லன் துப்பாக்கியையே வெறித்தான். ஜெயிக்காதவன் முகத்தில் வழக்கமாக இருக்கும் கோபம் அதில் இல்லை. விளங்காத ஒன்றைப் பார்க்கிறவன் முகமாக இருந்தது.

அடுத்து அவள். தோட்டாக்களைப் போட்டாள். டப்பாவின் வயிற்றை நேராகப் பார்த்தாள். ஆணி இருக்கும் திசையிலேயே கண்ணை விடவில்லை. சுட்டாள்.

ஆணிக்குப் பக்கத்தில் மரத்தூள் பறந்தது.

பழக்கதோஷம், கை தானாக மேலே போயிருக்கும் என்று நினைத்தாள். மூச்சை அடக்கி மறுபடி சுட்டாள். ஆணியே டங்கென்று ஒலித்து வளைந்தது. மீதி மூன்றும் அதைச் சுற்றியே போயின.

இப்போது ஓர்லன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"ஆணியைப் பிடுங்கணும்னா சொல்லியிருந்தா சுத்தியல் கொடுத்திருப்பேனே ஆர்வி!"

பிறகு ஒன்றுவிட்ட தம்பி தங்கைகள் வந்தார்கள். அவர்கள் எல்லாரும் நல்ல பிள்ளைகளாக ஆணியைப் பார்த்துச் சுட்டார்கள். குண்டுகள் கம்பத்துக்கும் மேலே போய் மேட்டுக் களிமண்ணைக் கிளப்பின. ஒருத்தர் டப்பாவைத் தொட வேண்டுமே! கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. செல்மரின் ஆவி கோபமாக இருக்கிறது என்றாள் ஒரு அத்தை மகள். ஜெல்லியை நாய்க்குப் போட்டதால் இருக்கும் என்றான் அவள் கணவன், லோர்னா கேட்காத தூரத்தில்.

கடைசியில் மைலோ. சம்பிரதாயத்துக்காக அவனையும் கூப்பிடுவார்கள். ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்தான். ஒரு காதை மூடும் பஞ்சு கீழே விழுந்துவிட்டதென்று தேடினான். டப்பாவைப் பார்த்தான், கண்ணை இறுக மூடினான், விசையோடு சேர்த்துக் கையைக் கீழே அமுக்கினான்.

டப்பா பறந்தது.

யாரும் கைதட்டவில்லை. அதிர்ச்சியில் தட்ட மறந்துவிட்டார்கள். டப்பாவைத் திரும்ப வைத்தார்கள். மறுபடி பறந்தது. ஐந்தில் மூன்று முறை பறந்தது. மைலோ கண்ணைத் திறந்து, தன் பின்னால் வேறு யாராவது நின்று சுட்டார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"இருக்கவே முடியாது!" என்று ஆர்வில்லாவும் ஓர்லனும் ஒரே சமயத்தில் கத்தினார்கள். "நான் டப்பாவைப் பாத்துதான சுட்டேன்!"

இந்த இரண்டாவது வாக்கியமும் இரண்டு வாயிலிருந்தும் ஒன்றாகவே வந்தது. இருவரும் சட்டென்று ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பினார்கள்.

"நீ எதுக்குடா டப்பாவைப் பாத்துச் சுட்டே?" என்றாள் ஆர்வில்லா மெதுவாக.

"நீ எதுக்குப் பாத்தே?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"வயசுல மூத்தவ, நீ சொல்லு மொதல்ல."

ஆர்வில்லா மைலோவின் கையிலிருந்து துப்பாக்கியை வாங்கி, மீதித் தோட்டா எதுவும் இல்லையென்று திறந்து பார்த்துவிட்டு, குழல் நுனியை வெயிலில் காட்டினாள். முன்குறி கறுப்பாக இருந்தது, அளவுக்கு மீறிய கறுப்பு. கட்டை விரலால் தேய்த்தாள். பூட் பாலிஷ் கையோடு வந்தது. கீழே புது இரும்பு மின்னியது.

"அராவிட்டே." கறுத்த விரலை அவனிடம் நீட்டினாள். "ஜெயிக்கறதுக்கு முன்னாலயே அராவிட்டே."

"இரு இரு. நான் அராவினதுக்கு நேரா டப்பாவுல அடிக்கணும். மே மாசமே பழைய மீதித் தோட்டாவால சுட்டுப் பாத்தேன், நேராத்தான் அடிச்சுது. இன்னிக்கு மேல போகுதுன்னா..." ஓர்லன் தோட்டாப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து உள்ளங்கையில் போட்டுத் தூக்கிப் பார்த்தான். பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கனம்! கனமான குண்டு ஊத்தியிருக்கா இவ! அச்சு உடைஞ்சுபோச்சாமில்ல! பொய்யி! பித்தலாட்டக்காரி!"

"நான் இரும்பைத் தொடலடா! துப்பாக்கியைத் தொடாம திருத்தினேன். நீ அப்பா சாமானை அரத்தால கடிச்சு வெச்சிருக்கே. திருட்டு நாயே!"

"ரெண்டு பேரும் திருத்தினீங்களா?" மைலோ விரல் விட்டுக் கணக்குப் போட்டான். "இவன் அரைச் சாண் தூக்கினான். நீ அரைச் சாண் தூக்கினே. நான் ஒருத்தன்தான் அரைச் சாண் அமுக்கினேன். அப்ப நான் ஒருத்தன்தான யோக்கியன்?"

அக்காவும் தம்பியும் சின்ன வயதிலிருந்து சேர்த்துவைத்த எல்லாவற்றையும் எடுத்து வெளியே போட்டுக்கொண்டிருந்தார்கள். உடைந்த சைக்கிள், செத்த முயல், யார் கல்யாணத்தில் யார் குடித்துவிட்டு விழுந்தது, எல்லாம் வந்தது. ஆர்வில்லா அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தபோது, அவள் கண் மறுபடி அந்த முன்குறியின்மேல் விழுந்தது.

அது கோணலாக இருந்தது. நேராக இழுக்காமல், ஒரு பக்கம் சரிந்து, அரம் பல இடங்களில் வழுக்கிக் குழலையே கீறியிருந்தது. ஓர்லன் தச்சு வேலை தெரிந்தவன். அவன் இழைத்த கதவு எதுவும் ஒரு மயிரிழைகூடச் சாய்ந்ததில்லை. அந்தக் கைக்கு இப்படி ஒரு வேலை வராது. கை தவறவில்லை, கண்தான் தவறியிருக்கிறது.

வாய்வரை வந்த வார்த்தையை அவள் விழுங்கினாள். கோணலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"டேய் ஓர்லன். அந்த ஆணி உனக்குத் தெரியுதா?"

"எந்த ஆணி?"

"அப்பா அடிச்ச ஆணி. கம்பத்துல."

ஓர்லன் கம்பத்தின் பக்கம் பார்த்தான். நிறைய நேரம் பார்த்தான். லோர்னா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கம்பம் தெரியுது," என்றான் கடைசியில். "டப்பா மினுங்குது, அது தெரியுது. ஆணி போன வருஷமே மங்கலாத்தான் இருந்துச்சு. இப்ப சுத்தமா இல்ல. டப்பாவைப் பாத்துச் சுட்டாத்தான் உண்டுன்னு ஆகிப்போச்சு. அதான் அராவினேன்."

"கண்புரை," என்றாள் லோர்னா. "ரெண்டு கண்ணுலயும். டாக்டர் தேதி கொடுத்து ரெண்டு தரம் தள்ளிப் போட்டுட்டாரு இவரு. கண்ணுல கத்தி வெக்கறதான்னு கட்டிலுக்கடியில போயி ஒளியாத குறை."

"அப்பா துப்பாக்கியில அரத்தை வெக்க மட்டும் தைரியம் இருந்துச்சா?" என்றாள் ஆர்வில்லா. திட்டத்தான் ஆரம்பித்தாள். அவளுக்கு அவன்மேல் ஆத்திரமும் பாவமும் ஒரே சமயத்தில் வந்தன, எதை முதலில் காட்டுவதென்று தெரியாமல் அவன் தோளில் ஒரு அறை வைத்தாள்.

தீர்ப்புச் சொல்லும் உரிமை துப்பாக்கியை ஜெயித்தவனுக்குத்தான். மைலோ ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான். வாழ்நாளில் முதல்முறையாக லெவாங் குடும்பம் அவன் வாயைப் பார்த்து நின்றது.

"இவன் கண்ணைச் சரிபண்ணிக்கற வரைக்கும் இது என் மாவு டப்பாவுல இருக்கும்," என்றான். "அடுத்த ஜூலைக்குள்ள சரிபண்ணலன்னா மறுபடி என்கிட்டயே சுட்டுத் தோத்துப் போங்க. எனக்கென்ன."

ரொட்டிக்காரனிடம் இரண்டாவது முறை தோற்பதைவிடக் கத்தியே மேல் என்று ஓர்லன் முடிவுக்கு வந்தான்.

ஆர்வில்லாதான் வண்டி ஓட்டி அழைத்துப்போனாள். ஆஸ்பத்திரி வாசலில் அவன் பல் வலிக்கிறது என்றான், மாட்டுக்குத் தண்ணி வைக்க மறந்துவிட்டேன் என்றான். மாடு விற்று எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து உள்ளே தள்ளிவிட்டு வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவளுக்கு வேறொரு வேலை காத்திருந்தது. முன்குறியை இனி வளர்க்க முடியாது. சூட்டில் ஒட்டவைக்கலாம் என்றார் ஊரில் ஒருவர். அவரைத் துப்பாக்கிப் பக்கமே அவள் அண்டவிடவில்லை. கனத்தால் மேலே தூக்க முடியும் என்றால், லேசான குண்டால் கீழே இறக்கவும் முடியும்தானே? சின்ன அச்சாகப் பார்த்து வாங்கினாள். மறுபடி சட்டி சூடேறியது.

"அம்மணி, ஒரு சந்தேகம்," என்றான் மைலோ, புதுத் துண்டை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு. "இப்ப சாதா தோட்டா போட்டா அது நேராச் சுடும்."

"ஆமா."

"நேராச் சுடுற துப்பாக்கியைக் கோணையாச் சுட வைக்கறதுக்கா இவ்வளவு பாடு?"

"ஆமா."

"சரி, கேட்டு வெச்சுக்கிட்டேன்," என்று அவன் வந்த வழியே போனான்.

அக்டோபரில், மேப்பிள் இலைகள் கொட்டித் தீர்ந்த ஒரு பிற்பகலில், மூன்று பேரும் களஞ்சியத்துக்குப் பின்னால் கூடினார்கள். ஆர்வில்லா டப்பாவைப் பலகையில் வைத்தாள். வளைந்த ஆணியைச் சுத்தியலால் நிமிர்த்தி அடித்தாள். மைலோ துப்பாக்கியை மாவு தட்டி ஓர்லனிடம் கொடுத்தான்.

ஓர்லன் புதுக் கண்களோடு எல்லாவற்றையும் வெறித்துக்கொண்டிருந்தான். வந்ததிலிருந்து ஆர்வில்லாவின் முகத்தில் எவ்வளவு சுருக்கம் என்று சொல்லிச் சொல்லி அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தான். துப்பாக்கி கைக்கு வந்ததும் பேச்சு நின்றது. குழல் நுனியைக் கண்ணருகே கொண்டுபோனான். தள்ளிப் பிடித்தான். மறுபடி அருகே கொண்டுவந்தான்.

"இது சாஞ்சிருக்கு."

ஆர்வில்லா தோட்டாப் பெட்டியைத் திறந்தாள்.

"குழல்லகூடக் கீறியிருக்கு. இவ்வளவு கேவலமாவா அராவினேன்? ஆர்வி, இது உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்."

"அன்னிக்கு என்னைத் திருட்டு நாய்னே. செத்த முயலை எல்லாம் இழுத்தே. இதை மட்டும் ஏன் சொல்லல?"

"இதைப் பாத்துதான்டா உனக்குக் கண்ணு போச்சுன்னே தெரிஞ்சுது. உன் கைவேலை கோணல்னு அத்தனை பேர் முன்னால எப்படிச் சொல்றது?"

ஓர்லன் களிமண் மேட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனான்.

"கசக்காதே! கசக்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல!" என்று அதட்டி, ஆர்வில்லா தன் கைக்குட்டையால் அவன் கன்னத்தை மட்டும் ஒற்றி எடுத்தாள். மைலோ வானத்தில் ஏதோ பறவை போவதாகப் பார்த்துக்கொண்டு நின்றான். வானத்தில் ஒன்றும் இல்லை.

ஓர்லன் மூக்கை உறிஞ்சினான்.

"அப்பா இதைப் பாத்தா என்ன சொல்லுவாரு?"

ஆர்வில்லா லேசான தோட்டா ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"அரைச் சாண் மேல வைடான்னு சொல்லுவாரு."

ஓர்லன் அரைச் சாண் மேலே வைத்துச் சுட்டான். டப்பா விழுந்தது.